வட்டம் வட்டத்தை விழுங்குதல்: நொச்சிக்குப்பத்து ஆட்டக்காரர் யோசனைகள் குறித்த ஓர் ஆய்வு முன்னோட்டம்

ஆய்வுக்களம், கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, மெரினா லூப் சாலையை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் ஒரு வீட்டு முன்னறை. ஆய்வுப்பொருள், பிரேசில் இளைஞர் மாத்தியஸ் வாலடாரெஸ் 2015இல் வெளியிட்ட அகர்.ஐஓ என்னும் ஆட்டம். மௌசை நகர்த்தினால் வட்டம் நகரும். சின்ன வட்டத்தை விழுங்கினால் பெருக்கும். பெரியதிடம் சிக்கினால் கதை முடிந்தது. இதற்குப் பெயர் யோசனை சொன்னவரே முகந்தெரியாத ஓர் இணையவாசி என்பதால், போகிறவர் வருகிறவர் சொல்லும் யோசனைகளையும் புறந்தள்ள முடியாது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

தரவுகள் இருவகையின. மௌசைப் பிடித்திருப்பவன் சொல்வது மூலம். அவன் தோளுக்குப் பின்னால் நின்று மற்றவர் சொல்வது உரை. மூலத்தைவிட உரை நீளமாயிருப்பது நம் மரபு.

வேகம்: "ஹேங் ஆவுதுடா." பாடபேதம் இல்லை.

விளம்பரம்: மூடும் குறி கடுகளவே இருப்பதாகப் புகார். குறி சிறுத்தாலும் தள்ளியிருந்தாலும் கை போய்ச்சேர நேரமாகும் என்று பால் ஃபிட்ஸ் 1954இலேயே காட்டிவிட்டார். விளம்பரக்காரர்கள் அவரைப் படித்திருக்கிறார்கள்.

திணை: கடலோரம் ஆடப்படுவதால் நெய்தல் என்று அவசரப்படுவோர் உண்டு. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வட்டம் இரண்டாகிறது. பிரிதல், ஆகவே பாலை. சற்றுப் பொறுத்து இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, புணர்தல், குறிஞ்சி. பச்சை முள்வட்டத்தின் மறைவில் பதுங்குவது இருத்தல், முல்லை. கூட்டாளியே விழுங்கிவிட்டான் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது ஊடல், மருதம். "போச்சுடா" என்பது இரங்கல். நெய்தல் கடைசியாகத்தான் வருகிறது. ஸ்பேஸ் பாருக்குத் தொல்காப்பியத்தில் நூற்பா இருந்ததென்றும் அதைக் கரையான் தின்றதென்றும் ஒரு கட்சி (காண்க: நெத்திலி கட்டிய தாள், முன்பக்கம்). அதன் மறுப்பு அதே தாளின் பின்பக்கத்தில் உள்ளது; குழம்பு கொட்டியதால் "அன்று" என்ற முடிபு மட்டும் எஞ்சியது. கரையானே இடைச்செருகல் என்பது மூன்றாங்கட்சி (காண்க: ஐஸ் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிய தாள், நீர்மட்டத்துக்குக் கீழே, தலைகீழாக நின்று படிக்க, பெட்டியில் வஞ்சிரம் இருக்கும் நாட்களில் பார்வைக்குக் கிடைக்காது). இதைக்கொண்டு முனைவர் பட்டம் வாங்கலாம். இதைவிட மெலிந்த பொருளுக்கெல்லாம் வாங்கியிருக்கிறார்கள்.

இனி மையச் சிக்கல். பெருத்த வட்டம் மெதுவாகும். சும்மா கிடந்தாலும் கொஞ்சங்கொஞ்சமாக இளைக்கும். இவ்விதி பற்றிப் பொடியனாய் உருண்டுகொண்டிருந்தபோது ஒரு பையன் சொன்னது: "பெர்சுங்கள இன்னும் ஸ்லோ பண்ணணும்ணா." கால்மணி கழித்துப் பெருத்து, முன்னணிப் பட்டியலில் பெயர் ஏறியதும் அவனே சொன்னது: "இன்னாண்ணா இது, நவுரவே மாட்டேங்குது? ஸ்பீடு ஏத்தச் சொல்லு." இதை முரண் என்று கொள்ளலாகாது. உதவிப் பேராசிரியராக இருக்கையில் பணிமூப்பைச் சாடிக் கட்டுரை எழுதியவர், துறைத்தலைவரானதும் பணிமூப்பின் மாண்பு குறித்து இருநாள் கருத்தரங்கம் நடத்துவதில்லையா? ஆகவே எந்த யோசனையைப் பதிவுசெய்தாலும், சொன்னவரின் அப்போதைய விட்டத்தை அருகில் குறித்தாக வேண்டும்.

விட்டம் அறியக்கூடாத கருத்து ஒன்றும் கிடைத்தது. 2024இல் திறந்த மீன் அங்காடிக்குக் கூடையோடு கிளம்பிய ஆயா, திரையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டது: "அப்போலேர்ந்து துன்னுனே கீறானுங்களே, எவனாவது ஒருத்தன் வித்தானாடா?"

எவ்வகையிலும் அடங்காமையால் இது பிற்சேர்க்கைக்கு மாற்றப்பட்டது. பிற்சேர்க்கைக்கு இதழில் இடமில்லை.