தடைக்காலம் உனக்குமா, கண்ணு?

இன்னா பேராண்டி, லிங்க்ட்இன்ல லீவு போட்டுட்டியாமே? எனக்கே சேதி வந்துடுச்சுன்னா பாத்துக்கோ. “சில காலம் விடைபெறுகிறேன்”னு அங்கயே எழுதி, கடலப் பாத்துக்கினு நிக்கற போட்டோவும் ஒட்டி, ஊரே கை தட்டுச்சாம். சத்தமில்லாம கணக்கத் தூங்க வெக்க அதுலயே ‘ஹைபர்நேட்’னு ஒரு வழி கீதுன்னு உன் தங்கச்சி சொன்னா. அது உன் கண்ணுல எப்படிப் படும்? அதுல கைதட்டு வராதே!

லீவுன்னா இன்னான்னு நம்ம காசிமேட்டப் பாரு. மீன்பிடித் தடைக்காலம்னு ஏப்ரல் 15 வந்தா ஒரு லாஞ்சும் நகராது. ஜூன் 14 வரைக்கும் 61 நாளு. 2001-ல ஆரம்பிச்சப்ப 45 நாளுதான், 2017-ல ஏத்துனாங்க. மீனு முட்டை போடற நேரம், குஞ்சு பொழைக்கட்டும்னு சட்டம். லாஞ்சுக்காரனுக்கு முதல் வாரம் கை பரபரக்கும். ஏலத்துக்கு எழுந்து பழகுன உடம்பு, இருட்டுலயே தானா எழுந்து குந்திக்கும். அப்புறம் வேலை தொடங்கும். லாஞ்ச மேல ஏத்தி, அடியில ஒட்டுன சிப்பிய சுரண்டி, பெயிண்ட் அடிச்சு, எஞ்சின இறக்கிப் பிரிச்சு மேய்வான். வலைய நிழல்ல விரிச்சு, கால் கட்டைவிரல்ல ஒரு கண்ணிய மாட்டி இழுத்துப் புடிச்சுக்கினு, ஊசியால கிழிசல ஒண்ணொண்ணா முடிவான்.

நீ இன்னாத்த முடிஞ்ச? ஆப்ப எடுத்துட்டு, “இந்த வாரம் உங்களை இத்தனை பேர் தேடினார்கள்”னு வர்ற மெயில நாளைக்குப் பத்து தபா தொறந்து பாக்கற. தூக்கம் நல்லா வருதுன்னு வேற பெருமை. போன தூர வெச்சா திருவொற்றியூர் கொசுக்கடியிலயும் தூக்கம் வரும்டா. அதுக்கு ஞானமா வேணும்?

அந்த லிங்க்ட்இன்ல எல்லாரும் ‘பெருமையுடன் அறிவிக்கிறேன்’தான். வேலை போனவன்கூட பெருமையோடதான் அறிவிக்கிறான். எண்ணூர்ல பல வருஷமா லேலண்ட் ஓடுது. அங்க பிட்டரா இருந்த என் மச்சான் ஒரு தபா எதையாவது அறிவிச்சிருப்பானா? போனஸ் வந்தா அவன் வீட்டுல பிரியாணி வாசம் அடிக்கும். தெருவுக்கே தெரிஞ்சுடும். உன் லிங்க்ட்இன் கடைய 2016-ல மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் குடுத்து வாங்குச்சாம். உள்ள ஓசியில கூவிக்கினு கெடக்கற உன்னையும் சேத்துத்தான் அந்த வெல, ஞாபகம் வெச்சுக்கோ.

அதுக்காக ஒரேடியா தலைமுழுகிடாத. தடைக்காலத்துலயும் கட்டுமரமும் சின்ன ஃபைபர் படகும் கரையோரம் போய்க்கினுதான் இருக்கும். நீயும் ஆளுங்க பழக்கத்த வுட்றாத, எண்ணிக்கைய மட்டும் வுடு. உன் கூட்டாளிக் கணக்குல 500-ஐத் தாண்டுனா ‘500+’னு போட்டுட்டு மெஷினே எண்ணறத வுட்டுடுதாம். நீ வுடமாட்டேங்கற. அந்த லிங்க்ட்இன்லயே அஞ்சு வருஷம், 2 கோடி பேர வெச்சு சோதன பண்ணி, 2022-ல ‘சயன்ஸ்’ இதழ்ல போட்டாங்களாம். புது வேலைக்குக் கைகுடுக்கறது உசுருக்குசுரான சிநேகிதனும் இல்ல, மொகமே தெரியாதவனும் இல்ல, நடுவுல கீற அரைகொறை பழக்கம்தானாம். இத ராயபுரம் டீக்கடையில கேட்டிருந்தா ஒரு சிங்கிள் டீ செலவுல சொல்லியிருப்பாங்க.

விம்கோ நகர்ல உன்கூட டிப்ளமா படிச்சானே, கண்ணாடி போட்ட பையன், அவன் வூட்டுக்கு நேரா போ. போன ஒடனே வேலை கேக்காத. அவங்க அப்பா ஆஸ்பத்திரில கெடந்தாரே, அவர் எப்படிக் கீறாருன்னு கேளு. ரெண்டு டீ சொல்லு, காசு நீ குடு. அந்த டீ கிளாஸ போட்டோ புடிச்சு ‘மனித உறவுகள் கற்றுத்தந்த 5 பாடங்கள்’னு எங்கயாவது போட்டேன்னு காதுல வுழுந்துச்சு, உன் போன ஐஸ் பெட்டியில வஞ்சரத்துக்கு அடியில வெச்சு கேரளா வண்டியில ஏத்திடுவேன், ஆமா!