எதிலை பங்கு, மோனை?

"நிழற்றிய பகுதியின் சதவீதம் யாது?" எண்டு வாசிச்சுப்போட்டு அரை மணித்தியாலமாப் பென்சிலைச் சப்பிக்கொண்டிருக்கிறாய். நெடுந்தீவு வெயிலிலை எண்பது வருசம் காய்ஞ்ச எனக்குத் தெரியாத நிழலே மோனை? கொண்டா கொப்பியை. அந்தப் பனம் பினாட்டுத் தட்டையும் கிட்ட தள்ளிவிடு. எனக்குக் கணக்கு வாயாலைதான் வரும்.

நூறு பெட்டி, அதிலை இருபத்தஞ்சு கறுப்பு. நூறிலை இருபத்தஞ்சு, சுருக்கினா நாலிலை ஒண்டு எண்டு ரியூசனிலை காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தந்தவையாம். 'கால்' எண்டு ஒரு சொல்லிலை முடிச்சுப்போட்டு எங்கடை பழசுகள் சோறு தின்னப் போயிட்டுதுகள். அரைக்கால் எண்டால் எட்டிலை ஒண்டு, உன்ரை கொப்பியிலை பன்னிரண்டரைப் பெட்டி. வீசம் எண்டால் பதினாறிலை ஒண்டு, ஆறேகால் பெட்டி. மா எண்டால் இருபதிலை ஒண்டு, அஞ்சு பெட்டி. மரத்தைப் பாராதை, நான் சொல்லுறது அந்த மா இல்லை.

பெட்டி கறுக்கிறது பென்சிலாலை மட்டுந்தான் எண்டு நினையாதை. உன்ரை ஆச்சி பாய் இழைக்கேக்கை பார்த்தனியே? நெடுக்குக்குப் பத்து ஓலை, குறுக்குக்குப் பத்து ஓலை, ஒண்டு விட்டு ஒண்டு மேலையும் கீழையுமாப் போகும். நூறு கண். குறுக்கோலையிலை நாலுக்குச் சிவப்புச் சாயம் போட்டா எத்தனை கண் சிவக்கும்? நாப்பது எண்டு வாயைத் துறக்காதை. எண்ணிப் பார். ஒவ்வொரு ஓலையும் அஞ்சு கண்ணிலை தலையைக் காட்டி, அஞ்சு கண்ணிலை ஒளிச்சுக் கிடக்கும். அப்ப இருபதுதான். நாப்பதிலை பாதி. ஆச்சிக்குச் சதவீதம் எண்ட சொல்லே தெரியாது. ஆனால் எவ்வளவு சாயம் வாங்கிறது எண்டு தெரியும்.

இனிக் கொப்பற்றை கணக்குக்கு வருவம். 2024 தை முதலாந் திகதி வற் வரி 15 இலையிருந்து 18 ஆச்சு. "மூண்டு வீதந்தானே கூட" எண்டார், ஏதோ தான் கட்டாத மாதிரி. பதினஞ்சு பெட்டியைக் கறு. பக்கத்திலை இன்னும் மூண்டு கறு. நூறு பெட்டியையும் பார்த்தால் மூண்டுதான், கொப்பர் சரி. முதல் கட்டின வரியை மட்டும் பார்த்தால் பதினஞ்சுக்கு மூண்டு, அஞ்சிலை ஒண்டு. வரி இருபது வீதம் கூடிப்போச்சு. அதுவும் சரி. கூட்டினவன் மூண்டெண்டுவான், குழம்பிறவன் இருபதெண்டுவான், ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. எந்தப் பெட்டியை முழுசெண்டு வைச்சாய் எண்டதுதான் கதை. அதைக் கேளாமல் கறுப்பை எண்ணுறவன் கழுதைக்குக் கொம்பு எண்ணுறவன்.

இப்ப எழும்பி உந்தக் கல்வேலியடிக்குப் போ. வேலிக்குள்ளை கிடக்கிற காணி ரெண்டு பரப்பு. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். அப்ப ஒரு பரப்பு ஏக்கரிலை வீசம், பார்த்தியே, பழைய சொல் செத்துப்போகேல்லை. பரப்புக்குப் பதினெட்டுக் குழி, ரெண்டு பரப்புக்கு முப்பத்தாறு. நூறு பெட்டியை விட்டிட்டு ஆறுக்கு ஆறு கீறு. பூட்டனுக்கு நாலு பிள்ளையள், ஆளுக்கு ஒன்பது குழி. மூலையிலை மூண்டுக்கு மூண்டாக் கறு. அதிலை ஒரு பிள்ளைக்கு மூண்டு பிள்ளையள், ஆளுக்கு மூண்டு குழி. முப்பத்தாறிலை மூண்டு, பன்னிரண்டிலை ஒண்டு. அழகா நிக்குது. இதையே உன்ரை நூறு பெட்டியிலை கறுத்துப் பார்: எட்டுப் பெட்டி கறுக்கும், ஒன்பதாவது பெட்டியிலை மூண்டிலை ஒரு பங்கிலை பென்சில் திண்டாடும். ஆனபடியால் கணக்குக்கேத்த பெட்டி கீறு மோனை, பெட்டிக்கேத்த கணக்குச் செய்யாதை.

மூலையிலை கறுத்துப்போட்டுச் சிரிக்கிறாய். காணி உறுதியிலை அப்படி இல்லை. அதிலை 'பிரிபடாத பங்கு' எண்டெல்லோ எழுதிக் கிடக்கு. எண்டால் மூலையிலை மூண்டு பெட்டி முழுக்கக் கறுக்கேலாது. முப்பத்தாறு பெட்டியிலையும் ஒவ்வொரு கீத்துக் கறுப்பு, பன்னிரண்டிலை ஒண்டு. முருங்கையிலையும் உங்களுக்குப் பன்னிரண்டிலை ஒண்டு, கிணத்திலையும் பன்னிரண்டிலை ஒண்டு. கனடாவிலை இருக்கிற பங்காளி வெள்ளிக்கிழமை போன் எடுத்துத் தன்ரை பங்குத் தண்ணியைக் கேட்டால் எந்த வாளியிலை அள்ளி அனுப்புவாய்? 1707 இலை தேசவழமைச் சட்டத்தை எழுதி வைச்ச ஒல்லாந்தனும் வாளிக்கணக்குச் சொல்லேல்லை. அப்புக்காத்துமாருக்கு அதாலைதான் வீடெழும்புது.

சரி, கடைசிக் கணக்கு. தட்டிலை பத்துத் துண்டு பினாட்டு. நான் வர முதலே நீ ரெண்டைத் திண்டிட்டாய், இருபது வீதம், மன்னிச்சம். மிச்சம் எட்டு. கதையோடை கதையா நானும் ரெண்டு திண்டிட்டன். என்ரை பங்கு எத்தனை வீதம்?

இருபத்தஞ்சோ? எட்டைப் பார்த்தால் சரிதான். கெட்டிக்காரன்.

ஆனால் அந்தா ஆச்சி வாறா. அவவுக்குப் பத்துப் பெட்டியும் கீறி, அதிலை ரெண்டைக் கறுத்துக் காட்டு மோனை.