இரண்டாயிரம் கினியும் இரண்டு மயிலும்

1876-இல் லண்டனில், பிரின்சஸ் கேட் 49-ஆம் எண் வீட்டில், ஒரு சாப்பாட்டு அறை தயாராகிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஃபிரெடரிக் லேலண்ட், லிவர்பூல் கப்பல் முதலாளி. பணம் உண்டு, பியானோ உண்டு, நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான்மேல் தீராத பைத்தியமும் உண்டு. அந்தப் பீங்கானை அடுக்க தாமஸ் ஜெக்கில் என்ற கட்டடக் கலைஞர் வால்நட் மரத்தில் அலமாரிகள் அமைத்து, சுவருக்குப் பழங்காலத் தங்க வேலைப்பாட்டுத் தோல் ஒட்டியிருந்தார். கணப்புக்கு மேலே ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் வரைந்த கிமோனோ அழகி. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கதவுக்கும் ஜன்னல் பலகைக்கும் என்ன நிறம் அடிக்கலாம் என்று ஜெக்கில் போயும் போயும் விஸ்லரிடம் யோசனை கேட்டார்.

தோலில் இருக்கும் சிவப்புப் பூக்கள் என் அழகியின் நிறத்தைக் கெடுக்கின்றன, லேசாக மஞ்சள் தொட்டுவிடட்டுமா என்றார் விஸ்லர். தொடுங்கள் என்றார் லேலண்ட். எவ்வளவு ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. லேலண்ட் லிவர்பூலுக்குக் கிளம்பிப் போனார். ஜெக்கில் மனநோயில் விழுந்தார். பிறகு தேறவே இல்லை. ஓவியன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதைப் பற்றி நம் முன்னோர் பழமொழி ஏதும் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தாலும் லேலண்டுக்குத் தமிழ் தெரியாது.

அந்த ‘லேசாக’ என்ற சொல் கோடை முழுக்க நீண்டது. கூரையில் போலித் தங்கத் தகடு ஏறியது. அதன் மேல் மயில் தோகை. ஜன்னல் பலகைகளில் ஆளுயர மயில்கள். உங்களுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது என்ற தோரணையில் முதலாளிக்குக் கடிதம் வேறு. இதற்கிடையே அந்த வீட்டிலேயே விஸ்லர் தர்பார் நடத்தினார். நண்பர்கள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், எல்லாரும் ஆகா என்றார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் பார்வையாளர் பட்டியலில் இல்லை.

அக்டோபரில் பில் வந்தது. 2,000 கினி.

லேலண்டுக்கு மூச்சே நின்றிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய செலவை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இழுத்துவிடலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேரம் நடந்து, கடைசியில் பாதி என்று முடிவானது. வந்தது 1,000 பவுண்டு.

பாதியாகக் குறைத்ததைக்கூட விஸ்லர் விழுங்கியிருப்பார். கினிக்குப் பதில் பவுண்டு வந்ததுதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு கினிக்கு 21. மருத்துவர், வக்கீல், ஓவியர் போன்ற கனவான்களுக்கு கினி. தச்சனுக்கும் கடைக்காரனுக்கும் பவுண்டு. நம் மொய்க் கவரில் ஆயிரத்தோடு சேர்த்து வைக்கிற அந்த ஒரு ரூபாய் இருக்கிறதே, அதன் வேலைதான் இந்த ஒரு ஷில்லிங்குக்கும். தொகைக்கு அதனால் பெரிய லாபமில்லை. ஆனால் அது இல்லாமல் கவர் வந்தால் சம்பந்தி முகம் மூன்று தலைமுறைக்குத் திரும்பாது. லேலண்ட் 1,000 ஷில்லிங்கை மிச்சம் பிடித்து, நீ சுண்ணாம்பு அடிக்க வந்தவன்தானப்பா என்று சொல்லாமல் சொன்னார்.

மானமுள்ளவன் தூரிகையைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பான். விஸ்லர் வேலையைத் தொடர்ந்தார்! யாரும் கேட்காத வேலையை, யாருடைய அனுமதியும் இல்லாமல், இந்த முறை இலவசமாகவே செய்தார். அந்த அருமையான தோல் முழுவதையும் நீல வண்ணத்தில் முக்கினார். அழகிக்கு எதிர்ச் சுவரில், சாப்பிட உட்காருகிறவர் கண்ணில் படும் இடத்தில், சண்டைபோடும் இரண்டு தங்க மயில்களை வரைந்தார். ஒரு மயிலின் கொண்டையில் ஒற்றை வெள்ளி இறகு; விஸ்லரின் தலையில் இருந்த நரைக்கற்றை அது. இன்னொரு மயிலின் மார்பில் வெள்ளிச் சுருக்கங்கள்; லேலண்ட் உடுத்தும் கொசுவம் வைத்த சட்டை. பணக்கார மயிலின் காலடியில் வெள்ளிக் காசுகள் சிதறிக் கிடந்தன. வராமல் போன ஷில்லிங்குகள். 1877 பிப்ரவரியில் துண்டுப் பிரசுரம் அச்சடித்துப் பத்திரிகைக்காரர்களை வரவழைத்து அத்தனையையும் காட்டினார், அடுத்தவர் வீட்டில்.

தொழில் தர்மம் என்று பார்த்தால் நான் லேலண்ட் கட்சி. விலை பேசாமல் வேலையை வளர்த்தது தப்பு, முதலாளியின் தோலைப் பாழாக்கியது அதைவிடத் தப்பு. ஆனால் அறை மட்டும் விஸ்லர் கட்சியில் நிற்கிறது. லேலண்டே அதை ஒத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். என் மனைவியோடு உன்னைப் பார்த்தால் நடுத்தெருவில் சவுக்கால் அடிப்பேன் என்று விஸ்லருக்கு எழுதிய மனிதர், சுவரில் ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. 1892-இல் சாகும்வரை அந்த மயில்களைப் பார்த்தபடியேதான் சாப்பிட்டார். அறை இப்போது வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. காசுகளும் அப்படியே.

விஸ்லரின் இரவுக் காட்சிகளுக்கு ‘நாக்டர்ன்’ என்று பெயர் எடுத்துக் கொடுத்ததும் பியானோ பைத்தியமான இந்த லேலண்ட்தான். அப்படி ஒரு நாக்டர்னுக்கு 200 கினி விலை வைத்ததைப் பார்த்து, விமர்சகர் ஜான் ரஸ்கின் அச்சில் தாறுமாறாக ஏசினார். விஸ்லர் 1,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. கூண்டில் ஏறியதும் பிறந்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் என்றார். உண்மையில் அமெரிக்காவின் லோவல். இரண்டு நாள் வேலைக்கா இந்த விலை என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்க, வேலைக்கு அல்ல, ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு என்றார். பேரம் பேசும் வாடிக்கையாளரிடம் ஓவியர்கள் இன்றுவரை எடுத்து விடுகிற பதில் இதுதான். ஜூரிகள் வழக்கில் அவரை ஜெயிக்கவைத்து, கையில் ஒரு ஃபார்த்திங் வைத்தார்கள். கால் பென்னி. செலவு அவரவர் பாடு.

அடுத்த ஆண்டே திவால். கடன்காரர்கள் கூடினால் முன்வரிசையில் லேலண்ட்! விஸ்லர் விடுவாரா? லேலண்டையே மயில் பூதமாக்கி, விஸ்லரின் சொந்த வீட்டின் மேலேயே உட்கார்ந்து பியானோ வாசிப்பதாக ஓர் ஓவியம் வரைந்து விட்டுப் போனார்.

வயது ஏறியும் புத்தி மாறவில்லை. சர் வில்லியம் ஈடன் தன் மனைவியின் படத்துக்கு 100 முதல் 150 கினி வரை தருவதாகப் பேச்சு. 1894-இல் காதலர் தினத்தன்று பரிசு போல உறையில் போட்டு 100 கினிக்குக் காசோலை கொடுத்தார். இந்த முறை கினியேதான். ஆனால் பேசியதில் அடிமட்டத் தொகை. விஸ்லர் காசோலையை வங்கியில் போட்டுக்கொண்டார், படத்தையும் தரவில்லை. வழக்கு வந்ததும் சீமாட்டியின் முகத்தை வழித்து அழித்துவிட்டார். பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1897-இல் சொன்னது: படம் ஓவியருக்கே, ஆனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், நஷ்டஈடும் கட்ட வேண்டும். விஸ்லர் அதை மாபெரும் வெற்றி என்று கொண்டாடி, 1899-இல் ஒரு புத்தகமே போட்டார்.