வெளிச்சம் சரியில்லை

கோடியக்கரைச் சதுப்பின் விளிம்பில், மார்கழி மாதத்து விடியற்காலை ஆறரை மணிக்கு, முழங்கால் வரை சேறும், காதை மூடிய மப்ளரும், வழியில் திருவண்ணாமலையில் குடித்த காப்பியின் கசப்பு இன்னும் போகாத நாக்குமாக நாம் நின்றுகொண்டிருக்க, எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை, கணுக்கால் ஆழமே உள்ள உப்பு நீரில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும் அந்தக் காட்சியை, பக்கத்தில் நிற்கும் மனிதர் ஒரு கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் சரியில்லை" என்று இரண்டே வார்த்தைகளில் தள்ளுபடி செய்துவிடுவார்.

இப்படி ஒருவர் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. ஆகையால் நான் எழுதுவது ஒரு வகை மனிதரைப் பற்றியே தவிர, ஆலங்காயத்தில் வசிக்கும் என் சகலையைப் பற்றி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சகலையிடமும் 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருக்கிறது என்பதும், பிரயாணத்தின்போது அது காரின் முன் இருக்கையில் சவாரி செய்ய, அதற்கு இடம் விட்டுக் கொடுத்த அவருடைய சகதர்மிணி பின்னால் என் மனைவியோடும் புளிச்சோற்றுத் தூக்கோடும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறார் என்பதும் தற்செயலான ஒற்றுமைகள்.

சகலையை விட்டுவிட்டு வகைக்கு வருவோம். இவர்களுடைய சாஸ்திரத்தில் ஒரு நாளின் எந்த நாழிகைக்கும் தோஷம் உண்டு. ஆறு மணிக்குச் சூரியன் எழும்பவில்லை. "கொஞ்சம் ஏறட்டும்" என்பார். ஏழு மணிக்கு எழும்பிவிட்டது. ஆனால் மஞ்சள் அதிகம். எட்டு மணிக்கு மஞ்சள் கழிந்து வெளுப்பு வந்துவிடுகிறது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் கடுமை, பறவையின் வெள்ளைச் சிறகு சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆகிவிடும், ஆகவே காமிராவை மூடிவிட வேண்டும். உச்சி வேளையைப் பற்றிப் பேசுவதே அவருக்கு அபசகுனம். நாலு மணிக்கு "இன்னும் சாயணும்." ஐந்தே காலுக்குச் சாய்ந்தால் ஒரு மேகம் வரும். ஐந்தரைக்கு மேகம் விலகினால் பறவை விலகிவிடும். ஆறு மணிக்கு, வெளிச்சம் என்பதே உலகத்தில் இல்லாமல் போய், கொசு மட்டும் பாக்கி நிற்கும்போது, "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி இருந்துச்சு பாருங்க, அதுதான் வெளிச்சம்!" என்று இறந்துபோன உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். அந்தப் பத்து நிமிஷம் முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், பாட்டரி மாற்றிக்கொண்டிருந்திருப்பார்.

பருவங்களுக்கும் இதே கதிதான். ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கரையில் மழை, மார்கழியில் மூடுபனி, தை பிறந்தால் மேலக்காற்றா கீழக்காற்றா என்று எனக்கு விளங்காத ஏதோ ஒரு காற்று தூசியைக் கிளப்பிவிடுகிறது, மாசியில் உப்பளத்துப் பாத்திகள் கண் கூசுகின்றன, பங்குனிக்குப் பிறகு பறவை கிளம்பத் தொடங்கிவிடுகிறது. சிருஷ்டிகர்த்தா முதல் நாளே வெளிச்சத்தையும் பிறகு பறவைகளையும் படைத்ததாகக் கிறிஸ்துவர்களின் வேதம் சொல்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் ஒரே இடத்துக்கு அனுப்பி வைக்கும் சிரமத்தை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் சகலையின் (அதாவது இந்த வகையினரின்) அபிப்பிராயம்.

இந்த வியாதிக்கு மூலம் எங்கே என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளில் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் வேலை ஒன்று உண்டு, செலக்ஷன் என்பார்கள். நேர்வெயில் படாமல் நாள் முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் வர வேண்டும் என்பதற்காக வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஓரமாக மேஜையைப் போட்டு, தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள் கீறியது எங்கே, உரித்தபோது கத்தி வழுக்கியது எங்கே என்று விரலாலும் கண்ணாலும் தடவிப் பார்த்து, இது ஒன்றாந்தரம், இது மூன்றாந்தரம், இது கழிவு என்று ஒதுக்க வேண்டும். முப்பது வருஷ காலம் வடக்கு ஜன்னலுக்குக் கீழே நின்று குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கிய ஒரு மனிதர், ஓய்வு பெற்ற மறுநாளே அந்தக் கண்ணைக் கழற்றி டேனரியில் ஒப்படைத்துவிட்டு வர முடியுமா? அவருக்குக் கோடியக்கரையே விரித்துப் போட்ட ஒரு தோல்தான். அதை எந்த ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பது என்று தெரியாமல்தான் மனிதர் தவிக்கிறார். இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் பாதி போய்விடுகிறது.

மீதிப் பாதியையும் போக்கடிக்கக்கூடிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். வைணு பாப்பு என்ற வானவியல் அறிஞர் தேடி அலைந்து, பெரிய ஊர்களின் விளக்கு எட்டாத இருட்டு இங்கே இருக்கிறது என்பதற்காக அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986-இல் அங்கே திறக்கப்பட்டு, இன்று அவர் பெயராலேயே விளங்குகிறது. வெளிச்சம் இல்லை என்பதற்காக உலகப் பிரசித்தி பெற்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, வெளிச்சம் இல்லை என்று புலம்பிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடற்கரைக்குப் பிரயாணம் செய்கிறவர் என் சகலை ஒருவர்தான். இங்கே நழுவிவிட்டேன், இந்த வகையினர் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.

கோடியக்கரையின் மற்ற மகிமைகள் எதுவும் அவர் காதில் ஏறாது. வெளிமானுக்காக 1967-இல் சரணாலயமானது, 2002-இல் சர்வதேச ராம்சார் பட்டியலில் ஏறிய தமிழ்நாட்டின் முதல் ஈரநிலம் ஆனது, 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த மண் பக்கத்தில்தான் இருக்கிறது, கல்கியின் பூங்குழலி ஓடம் விட்டது இந்தக் கடலில் என்றெல்லாம் நான் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பூங்குழலி என்றதும் கொஞ்சம் திரும்பிப் பார்த்தார். "கதையில ராத்திரிதானே வரும்? அந்த வெளிச்சத்துல ஒண்ணும் எடுக்க முடியாது" என்றார்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் மா. கிருஷ்ணனை இழுத்தேன். அ. மாதவையாவின் பிள்ளை, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை ஒரே பத்திரிகையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதி வந்தவர், வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே கட்டிய ஒரு விநோத யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு, காட்டின் அரையிருளில், கறுப்பு வெள்ளைப் பிலிமில், யானையையும் மானையும் அவை நின்ற நிலையிலேயே படம் பிடித்தவர். "அவர் எந்த வெளிச்சத்துக்குக் காத்திருந்தார்?" என்று கேட்டேன். சகலை சற்று நேரம் யோசித்தார். "அந்தக் காலத்து வெளிச்சம் வேற, சகலை" என்றார்.

எங்கள் மாமியார் காலமானபோது, பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் தேவைப்பட்டது. அந்த அம்மாள் காமிராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவர். பெட்டி பெட்டியாகத் தேடியும் கல்யாணத்தில் எடுத்த குழுப்படம் ஒன்றைத் தவிர வேறு அகப்படவில்லை. சகலை அன்றிரவு தம்முடைய கணினிக்கு முன் உட்கார்ந்து, நாற்பதாயிரம் பறவைகளுக்கு நடுவே விடிய விடியத் தேடி ஒன்றை எடுத்தார். கொல்லைக் கிணற்றடியில் ஒரு மீன்கொத்தியைக் குறி வைத்து எடுத்தது. பறவை பறந்துவிட்டது, அது இருந்த துணிக்கொடிக்குப் பின்னால், விறகடுப்புப் புகையில், மாமியார் யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எத்தனையோ நல்ல படங்களை வெளிச்சம் போதவில்லை என்று அழித்த மனிதர் இதை ஏழு வருஷம் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். அதுதான் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு திதிக்கும் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு நிமிர்ந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே அவர் பொல்லாத மனிதர் அல்ல. இருந்தாலும் போன வருஷம் நடந்ததை மட்டும் வேடிக்கையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, நான் அறிந்த பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, "பரவாயில்லை" என்று சகலை வெளிச்சத்துக்கு நற்சான்று கொடுத்தார். ஆனால் பறவைகள் தலை நிமிரவில்லை. உமரிச் செடி படர்ந்த கரையோரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு மேய்ந்தன. பூநாரை நிற்கும்போது வெளுத்த ரோஜா நிறம்தான். சிறகை விரித்தால்தான் உள்ளே ஒளித்து வைத்த சிவப்பும் கறுப்பும் தெரியும். சிவப்பு வேண்டும் என்று சகலைக்கு ஆசை வந்துவிட்டது. கூட வந்த டிரைவர் பையனைக் கை தட்டச் சொன்னார். போதவில்லை. காரின் ஹாரனை அடிக்கச் சொன்னார்.

மொத்தக் கூட்டமும் தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி எழுந்தது. அவை மட்டுமா? அவற்றின் காலடியில், சேற்றோடு சேறாக இருந்ததால் அதுவரை எங்கள் கண்ணில் படாத நூற்றுக்கணக்கான கொசு உள்ளான்களும் புகை கிளம்பியதுபோல் எழுந்து, கடல் பக்கம் போய், திரும்பி, மறுபடியும் போய், இறங்க இடம் தெரியாமல் இருட்டும் வரை சுற்றின. கொசு உள்ளான் 25 கிராம் எடைகூட இல்லாத பறவை. சைபீரியாவின் வடகோடியில், மரம் முளைக்காத உறைபனி நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, நம்முடைய சேற்றில் உள்ள புழுவையும் பூச்சியையும் நம்பி இத்தனை தூரம் வருகிறது. வெயில் காலம் வந்ததும் அத்தனை தூரமும் திரும்பிப் போக வேண்டும். அதற்கு வேண்டிய கொழுப்பை இங்கேதான் சேர்க்க வேண்டும். அநாவசியமாக ஒரு தடவை எழுப்பிவிட்டால் அன்று முழுக்கக் கொத்தித் தின்றதில் ஒரு பங்கு காற்றில் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு நாலு கார் வந்து நாலு ஹாரன் அடித்தால் கணக்கு என்ன ஆகும் என்பதைத் தோல் வியாபாரத்தில் வட்டிக் கணக்குப் பார்த்தவர்களுக்கு நான் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. சரணாலயத்துக்குள் வனவிலங்கைச் சீண்டக் கூடாது என்று 1972-ஆம் வருஷத்துச் சட்டமும் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளியை இலையை விட்டு எழுப்பலாமா? இதே சகலை, பந்தியில் பாதியில் எழுந்தவருக்காகச் சம்பந்தி வீட்டாரோடு சண்டை போட்டவர்.

நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. கார் அவருடையது, ஊருக்குத் திரும்ப முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. ஆகையால் இப்போது எழுதுகிறேன்.

படம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முப்பத்தெட்டுப் படங்கள் எடுத்தார். பறவைகள் எங்களை விட்டு மேற்கே பறந்ததால் எல்லாவற்றிலும் வாலும் காலுமாகவே விழுந்திருந்தன. காமிராவின் முதுகில் உள்ள சின்னத் திரையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் எதிர்ல விழுந்துடுச்சு" என்றார்.

வரும் தை அமாவாசைக்கு மறுபடியும் போகிறோம். கோடியக்கரைக் கடலில் ஸ்நானம் என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லியிருக்கிறது. இந்தத் தடவை என் மனைவி வரவில்லை, பின் இருக்கையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வர விருப்பமுள்ளவர்கள் சொல்லி அனுப்பலாம். கை தட்டத் தெரியாதவராக இருந்தால் தேவலை.