நான் பார்த்த கல்லூரியும் மகள் பார்த்த கல்லூரியும்

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்காமல் கூடையில் போட மாட்டேன். காய்கறிக்கார அம்மா எவ்வளவு திட்டினாலும் சரி. அப்பேர்ப்பட்ட நான்தான், நாலு வருஷம் படிக்கப்போகிற கல்லூரியை எட்டிக்கூடப் பார்க்காமல் தேர்ந்தெடுத்தேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. பொறியியல் கலந்தாய்வுக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகவேண்டிய காலம். ராத்திரி பஸ்ஸில் வந்த தூக்கக் கலக்கம். உள்ளே போனால், எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதி என்று திரையில் எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. எனக்குக் கை கால் ஓடவில்லை. முன்னால் நின்ற பையன் தன் அப்பாவிடம் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தான். விவரமானவனாகத்தான் இருப்பான் என்று நானும் அதையே சொன்னேன். முகவரியில் சென்னை என்று இருந்ததில் அப்பாவுக்கும் திருப்தி. சேரப்போன அன்று பஸ் தாம்பரத்தைத் தாண்டியது, செங்கல்பட்டையும் தாண்டியது. அதற்கப்புறம் வயல்தான். கண்ணாடிக்காரனை அந்தக் கல்லூரியில் ஒருநாளும் பார்க்கவில்லை. அவன் வேறு எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்த அனுபவம் எனக்கு எதையாவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். மகள் பிளஸ் டூ முடித்தபோது நான் செய்தது எக்செல் ஷீட் போட்டது. கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப். 2018-லிருந்து கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. விருப்பப் பட்டியலை வீட்டிலிருந்தே நிரப்பலாம். 400-க்கு மேற்பட்ட கல்லூரிகளில் எட்டக்கூடியவற்றுக்குப் பச்சை, ஆசைக்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு என்று வண்ணமடித்தேன். கல்லூரிகளின் எண்களெல்லாம் மனப்பாடமாகிவிட்டன.

“அப்பா, இந்தக் காலேஜ் எந்த ஊர்ல இருக்கு?”

“கோட் நம்பர் சொல்லட்டுமா?”

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நேர்ல போய்ப் பார்ப்போம்ப்பா” என்றாள். போனோம். லீவு கிடைக்கும் என்று நான் தேர்ந்தெடுத்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆளில்லாத எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் இருக்கிறது. வேப்பமரம், நீளமான வராண்டா, பூட்டிய கதவுகள். “அமைதியான சூழல்” என்று எக்செல்லில் குறித்துக்கொண்டேன்.

அடுத்துப் போனது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ‘ஓப்பன் டே’. வாசலிலேயே பன்னீர் தெளித்து, துணிப்பை, பேனா, ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். குளிரூட்டிய பஸ்ஸில் வளாகத்தைச் சுற்றிக்காட்டினார்கள். அரங்கத்தில் டிரோன் எடுத்த படம் ஓடியது, நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது மேடையில் ‘அதிகபட்ச சம்பளம்’ என்று ஒரு தொகை மின்னியது. மற்ற எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். அதிகபட்சம் என்றால் அது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

ஆய்வகத்தில் டை கட்டிய ஒருவர் கம்பீரமாக நின்றிருந்தார். துறைத்தலைவர் என்று முடிவுகட்டி, செயற்கை நுண்ணறிவால் இனி வேலைவாய்ப்பு எப்படியிருக்கும் என்று கேட்டேன். விரிவாகப் பதில் சொன்னார். நான் தலையாட்டித் தலையாட்டிக் குறிப்பெடுத்தேன். முடிவில் அவர் கேட்டார்: “உங்க பொண்ணுக்குக் கட்-ஆஃப் எவ்ளோ சார்? என் பையனுக்கு இங்க கிடைக்குமான்னு தெரியல.”

உண்மையான துறைத்தலைவர் கிடைத்தபோது நான் கேட்ட கேள்வி, ஹாஸ்டலில் தயிர் புளிக்குமா என்பது.

இதற்குள் மகளைக் காணோம். தேடிப்போனால் ஜெராக்ஸ் கடையருகே மூன்றாம் வருஷத்து அக்கா ஒருத்தியுடன் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் மணி நேரத்தில் அவள் தெரிந்துகொண்டவை என் எக்செல்லின் எந்தக் கட்டத்திலும் இல்லாதவை. நூலகம் இரவு பத்து வரை திறந்திருக்கும் என்று நான் பெருமையாகக் குறித்திருந்தேன். பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்கே மூடிவிடும், அதனால் அந்த நூலகம் விடுதிப் பெண்களுக்கு இல்லை என்றாள் மகள். வேலை கிடைத்தவர்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்த எண்ணிக்கை ஆட்களுடையது இல்லை, ஆஃபர்களுடையது. ஒரே மாணவனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் அது மூன்று. முதல் வருஷ கம்ப்யூட்டர் சயன்ஸில் எத்தனை செக்ஷன் என்றும் கேட்டிருக்கிறாள். ஏ, பி, சி என்று எழுத்துகள் நீண்டுகொண்டே போயினவாம். ஆய்வகம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறதாம். நன்றாக நடக்கும் கல்லூரிகள் எத்தனை இடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2024-25-லிருந்து உச்சவரம்பைத் தளர்த்தியிருக்கிறது. அதனால் இப்போது எங்கே போனாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை செக்ஷன் என்பதுதான்.

நுழைவாயிலில் பெரிதாக எழுதியிருந்த நாக் தரமதிப்பீடான ஏ பிளஸ் பிளஸைப் பார்த்து நான் மயங்கியதும் உண்டு. அது நிறுவனத்துக்குக் கிடைப்பது. என்பிஏ அங்கீகாரமோ ஒவ்வொரு படிப்புக்கும் தனியாகக் கிடைப்பது. மகள் சேர நினைத்த படிப்புக்கு அது இருக்கிறதா என்று கேட்கவேண்டும் என்ற விவரம் எனக்கு இல்லை. என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரங்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தின் இடைநிலை என்ன என்பதெல்லாம் இருக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதைப் பார்த்துக்கொண்டு நேரில் போனால் மேடையில் மின்னும் தொகைக்குக் கைதட்ட வேண்டியிருக்காது.

சென்னை ஐஐடி சில ஆண்டுகளாக ஜனவரி தொடக்கத்தில் பொதுமக்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஆய்வகங்களைத் திறந்துகாட்டுகிறது. அதற்கும் அவளை அழைத்துப்போயிருந்தேன். அவள் ஒவ்வொரு கூடமாக நின்று நின்று கேட்டுக்கொண்டு போனாள். என் கைபேசியில் மிஞ்சியது புள்ளிமான் படங்கள்.

“எல்லாம் செட்டப்புங்க, அதைப் போய்ப் பார்த்து என்ன ஆகப்போவுது?” என்று என் மைத்துனர் கேட்டார். செட்டப்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் நாளைவிடப் பெரிய செட்டப். ஆனால் பன்னீர் தெளிக்கும் கல்லூரிகூட எந்த ஆய்வகத்துக்கு அழைத்துப்போகவில்லை என்பதை மறைக்க முடியாது. அதோடு, நம் ஊரில் பேராசிரியர்கள் முகம் தெரியாதவர்களுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வது அந்த ஒருநாள்தான். பணம் கட்டுவதற்கு முன் கேட்டால் அது சந்தேகம். கட்டிய பிறகு அதையே கேட்டால் ஒழுங்கீனம்.

எக்செல் போடக்கூட ஆளில்லாத வீடுகளை நினைத்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குக் கல்லூரி என்றால் எப்படியிருக்கும் என்பதே தெரியாது. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிளஸ் டூ மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துப்போகிறார்கள். அதில் பஸ் ஏறத் தயங்கும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் ஏற்றிவிடுங்கள்.

மகள் கடைசியில் சேர்ந்தது ஜூஸ் தராத ஒரு கல்லூரியில். அவளை அங்கே கூட்டிப்போன அன்று ஒரு பேராசிரியர், “இந்த மெஷின் ரெண்டு மாசமா ஓடல, பார்ட்ஸ் வரணும்” என்று தானாகவே சொன்னார். நான் உடனே சிவப்படிக்கப் பார்த்தேன். மகள் பட்டியலில் மேலே ஏற்றினாள். அங்கேயும் குறைகள் இல்லாமலில்லை. எல்லாம் சேரும் முன்பே அவளுக்குத் தெரிந்த குறைகள் என்பதால், வீட்டுக்கு வரும்போது என்னைத் திட்டுவதில்லை.

கலந்தாய்வுப் பட்டியல் நிரப்பப்போகும் பெற்றோர்களே, தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டால் முடிவெடுக்கக் கிடைப்பது ஓரிரு நாள்தான்; அப்போது ஊர் ஊராக ஓட முடியாது. அதனால் முன்கூட்டியே போங்கள். ஓப்பன் டே நடந்தால் அன்றைக்கு, இல்லையென்றால் வகுப்பு நடக்கும் ஒரு வேலைநாளில் அனுமதி கேட்டுப் போங்கள். பிள்ளை ஜெராக்ஸ் கடைப் பக்கம் ஒதுங்கினால் கூப்பிடாதீர்கள். துறைத்தலைவரிடம் தயிரைப் பற்றிக் கேட்காதீர்கள்.