பத்துமலைக்கு ஒரே ஹூடி

குடும்ப ஹூடி என்பது, தாத்தா முதல் தவழும் பிள்ளை வரை ஒரு வீட்டார் எல்லாரும் ஒரே துணியில், ஒரே நிறத்தில், ஒரே நாளில் அணியும், தலைமூடி வைத்த முழுக்கைச் சட்டை. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதன் பருவம், பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும் தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்கள். கடையில் வாங்குவது, அச்சடித்துத் தருவோரிடம் ஒப்படைப்பது, வீட்டிலேயே தைப்பது என்று மூன்று வகை உண்டு. முதல் இரண்டும் பணம் செலவழிக்கத் துணிந்தவர்களுக்கு உரியவை. வீட்டில் ஒருவருக்குத் தைக்கத் தெரியும் என்ற செய்தி வெளியே கசிந்துவிட்ட குடும்பங்களுக்கு மூன்றாவது வகை. இக்கட்டுரை அதைப் பற்றியது. முப்பத்திரண்டு பாகை வெயிலில் ஹூடி எதற்கு என்ற கேள்விக்கு உரிய இடத்தில் விடை தரப்படும்.

ஹூடியின் பிறப்பிடம் குளிர்நாடு. 1930களில் நியூயார்க் மாநிலத்துக் குளிர்பதனக் கிடங்குத் தொழிலாளர்களுக்காக இது உருவானதாகச் சொல்வார்கள். ஒரே நிறத்தில் உடுத்தும் வழக்கம் உள்ளூரிலேயே தாராளமாக உண்டு. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் குடும்பங்கள் ஒரே வண்ணத்தில் பாஜு மெலாயுவும் பாஜு கூரோங்கும் தைத்துக்கொள்கின்றன. அதற்காகத் தையற்கடைகள் பல வாரங்களுக்கு முன்பே புதிய வேலை ஏற்பதை நிறுத்திவிடுகின்றன. நிறுத்தும் உரிமை கடைக்கு உண்டு. வீட்டில் தைப்பவருக்கு அந்த உரிமை இல்லை. காவடிக் குழுக்கள் ஒரே மாதிரி டீசட்டையில் வருவது பழகிய காட்சி. அந்த டீசட்டைக்குத் தலைமூடி முளைத்தது அண்மை வளர்ச்சி.

குடும்ப ஹூடிக்கான முடிவு வாட்ஸ்அப் குழுவில், இரவு பதினொரு மணிக்கு மேல், தைப்பவர் உறங்கிய பிறகு எடுக்கப்படும். நாத்தனார் ஒரு படம் போடுவார். பதினைந்து பேர் கட்டைவிரல் உயர்த்துவார்கள். “அண்ணிதான் சூப்பரா தைப்பாங்களே, நமக்கென்ன கவலை” என்று ஒரு வரி வரும். காலையில் தைப்பவர் கண் விழிக்கும்போது தீர்மானம் நிறைவேறி, அளவுகளும் வரத் தொடங்கியிருக்கும். அளவுகள் “எம்”, “எல்”, “போன வருசம் மாதிரி”, “கொஞ்சம் லூசா” என்ற அலகுகளில் தரப்படும். இஞ்ச் டேப்பால் யாரும் அளப்பதில்லை. அளந்து அனுப்பும் ஒரே பெரியவரும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளந்திருப்பார்.

அடுத்தது நிறம். தைப்பூசத்துக்கு மஞ்சள் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. எந்த மஞ்சள் என்பதில்தான் குடும்பம் இரண்டாகும். மாமியாருக்குக் கோயில் மஞ்சள், பிள்ளைகளுக்குக் கடுகு மஞ்சள், கொழுந்தனுக்கு “ரொம்ப அடிக்காத” மஞ்சள். பத்துமலையில் எந்த மஞ்சளும் எடுபடாது என்பதை யாரும் கணக்கில் கொள்வதில்லை. 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்கு ஏறத்தாழ 300 லிட்டர் தங்க வண்ணம் பூசப்பட்டது. அதன் பின்னாலுள்ள 272 படிகளுக்கும் 2018 ஆகஸ்டில் பல வண்ணம் அடித்தார்கள். இத்தனைக்கும் நடுவே, தைப்பூசக் கூட்டத்தில் பாதிப் பேர் மஞ்சளில் நிற்கும்போது, “கூட்டத்துல நம்ம ஆளுங்களைக் கண்டுபிடிக்க ஈசியா இருக்கும்” என்பதுதான் ஒரே நிறத்துக்குச் சொல்லப்படும் காரணம்.

துணி வாங்குவது நிறத்தைவிடக் கடினம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் சேலைக்கும் பாவாடைக்கும் பஞ்சாபி சூட்டுக்கும் துணி குவிந்து கிடக்கும். உட்புறம் பஞ்சு எழுப்பிய பின்னல் துணி என்று கேட்டால் கடைக்காரர் போர்வை எடுத்துப் போடுவார். துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை, மஸ்ஜித் இந்தியா பக்கம் அலைந்தால் கிடைக்கும். பெரியவர் ஒருவருக்கு, ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் பிடிக்கும். மொத்தத்தையும் ஒரே கட்டிலிருந்து வெட்டி வாங்க வேண்டும். ஒரே எண்ணிட்ட நிறமானாலும், வேறு வேறு தடவை சாயமேற்றிய கட்டுகள் குழல்விளக்கில் ஒன்றாகவும் வெயிலில் இரண்டாகவும் தெரியும். இதனால், வாங்கி வந்த மறுநாள் “பெரியம்மா வீட்டையும் சேர்த்துக்கலாமே” என்று வரும் செய்தி தொழில்நுட்ப அடிப்படையில் மிகவும் கெடுதலானது.

பருத்தி கலந்த துணியை வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்தபின் சுருங்கி, அண்ணனுடையது தம்பிக்குச் சேரும். துணி இழுபடும் திசை உடம்பின் குறுக்கே வரவேண்டும். பின்னல் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி தேவை. சாதாரண ஊசி இழையைக் குத்தி ஓட்டை விழச்செய்யும். நேர்த்தையல் போட்டால் தலையை நுழைக்கும்போதே நூல் அறும் என்பதால் ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக் போட வேண்டும். இடுப்புப் பட்டியையும் மணிக்கட்டுப் பட்டியையும் அவை சேரும் விளிம்பின் சுற்றளவைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். இந்த வேலை நடக்கையில் “இன்னும் முடியலையா?” என்று எட்டிப் பார்ப்பவரைப் பட்டியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னால் மறுபடி எட்டிப் பார்க்க மாட்டார்.

இனித் தலைமூடி. இரண்டு வளைந்த துண்டுகளை உச்சியில் இணைத்து, முன்விளிம்பை மடித்து, கழுத்துச் சுற்றில் பொருத்துவது முறை. உள்துணியும் வைத்தால் நான்கு துண்டு. சட்டையில் மிகுந்த நேரத்தை விழுங்கும் உறுப்பு இதுவே. பத்துமலையில் இதைத் தலையில் போட ஆள் கிடையாது. முடியிறக்கியவர் சந்தனம் பூசியிருக்கிறார். மூடினால் சந்தனம் துணிக்குப் போய்விடும். பெண்கள் மல்லிகை வைத்திருக்கிறார்கள். மூடினால் பூ நசுங்கும். பால்குடம் எடுப்பவரின் தலையில் ஏற்கெனவே குடம் இருக்கிறது. காவடி எடுப்பவருக்குச் சட்டையே கிடையாது. பாட்டிக்குத் தலையை மூடினால் காது கேட்காது. மூடாவிட்டாலும் கேட்காது என்பது வேறு. கைக்குழந்தைக்குப் போட்டால் அலறும். எஞ்சுபவர் பதினாறு வயது அண்ணன் மகன் ஒருவர்தான். அவர் மட்டும் தலைமூடியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தாமாக வந்தவரா பிடித்து வரப்பட்டவரா என்று தெரியாத கோலத்தில் நிற்பார்.

தலையில் ஏறாத தலைமூடி முதுகில் பையாகத் தொங்குகிறது. தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த மோர்க்குவளை, வாழைப்பழத்தோல், டிஷ்யூ, பிள்ளை கழற்றிய ஒற்றைக் காலுறை எல்லாம், முன்னால் நடப்பவர் அறியாமல், பின்னால் வரும் உறவினரால் அதில் சேர்க்கப்படும். படியேறும்போது இந்தச் சேமிப்பைக் குரங்குகள் கண்டுகொள்கின்றன. பத்துமலைக் குரங்குக்குக் கைப்பையைப் பறிக்கவே கூச்சம் இல்லை. திறந்த வாயோடு முதுகில் தொங்கும் பையைக் கண்டால் கேட்கவே வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர், இந்நாட்டு வழக்கப்படி, காற்றுக்காகச் சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொள்வார். அப்போது தலைமூடி தாடைக்குக் கீழே வாய் பிளந்து நிற்கும். மழை பெய்தால் நிரம்பும். துவைத்தபின் உடல் காய்ந்து, கை காய்ந்து, பட்டி காய்ந்து, மறுநாளும் ஈரம் மாறாமல் முடைநாற்றம் அடிப்பது தலைமூடி ஒன்றே. கழுத்துக்குப் பின்னால் இத்தனை துணியைச் சுமந்து 272 படி ஏறுவதும் ஒருவகைக் காவடிதான் என்று தைப்பவர் சொன்னால் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

ஹூடி எதற்கு என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்வதே முறை. ஆனால் கயிற்றை முடிக்காமல் அதற்குப் போக முடியாது. தலைமூடியின் முன்விளிம்பில் கயிறு ஓடும். சிறுவர் உடையில் அது கழுத்தை நெரிக்கக்கூடும் என்பதால், தலைமூடியிலும் கழுத்திலும் கயிறு வேண்டாமென அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இலேயே வழிகாட்டி வெளியிட்டது. வீட்டில் இதை எடுத்துச் சொன்னால், “அவனுக்கு மட்டும் இல்லைன்னா பிள்ளை அழுவான்ல” என்று பதில் வரும். கயிறு வைக்காமல், வைத்ததுபோல இரண்டு நுனிகளை மட்டும் விளிம்பிலேயே தைத்துவிடுவது சமாதான வழி. பெரியவர்களின் கயிறு முதல் சலவையிலேயே ஒருபக்கம் உள்ளே போய்விடும். அதை ஊக்கு மாட்டி வெளியே இழுத்துக் கொடுப்பதும் தைப்பவரின் பொறுப்பே என்பது எழுதப்படாத விதி.

ஹூடி உண்மையில் பயன்படும் இடம் ஒன்று உண்டு. பத்துமலைக்கு 2010 முதல் கொமுட்டர் ரயில் ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் குடும்பங்கள் கேஎல் சென்ட்ரலில் ஏறுகின்றன. பெட்டிக்குள் குளிரூட்டி முழு வேகத்தில் இயங்கும். அந்த அரைமணி நேரம் குடும்பம் முழுதும் கதகதப்பாக, தைப்பவரை வாழ்த்திக்கொண்டு வரும். ரயில் நின்று கதவு திறந்ததும் ஒவ்வொருவராகக் கழற்றி இடுப்பில் கட்டத் தொடங்குவார்கள். பக்கத்திலுள்ள சுங்கை பத்து ஆற்றங்கரைக்குப் போய்ச் சேருமுன் எல்லா ஹூடியும் இடுப்பில் இருக்கும். உள்ளே அவரவர் போட்டிருக்கும் சட்டைகள் வேறு வேறு நிறம்.

எனவே படம் ரயில் நிலையத்திலேயே எடுக்கப்படுகிறது. தைப்பவரின் ஹூடி எப்போதும் கடைசியாகத் தைக்கப்படுவது. பெரியம்மா வீடு சேர்ந்ததில் துணி போதாமல், அவருடைய இரண்டு கைகளும் வேறு கட்டுத் துணியில் அமைந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் நாத்தனார், “அண்ணி, உங்களது மட்டும் ஏன் ரெண்டு கலரா இருக்கு? நல்லா பார்த்து வாங்கியிருக்கலாம்ல” என்பார்.

கூலி என்ற தலைப்பில் எழுதுவதற்கு எதுவும் இல்லை. துணிக்காசு பாதிப் பேரிடமிருந்து வரும். மீதிப் பேர் “அடுத்த வாரம் டிரான்ஸ்ஃபர் பண்ணிடறேன்” என்று அதே குழுவில் எழுதுவார்கள்; அதற்கும் சிலர் கட்டைவிரல் உயர்த்துவார்கள்.

பராமரிப்பு: குடும்ப ஹூடியை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, குளிர்ந்த நீரில், வெள்ளைத் துணிகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். மஞ்சள் சாயம் முதல் சில சலவைகளில் இறங்கும். கொடியில் தோளைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும் என்பதால் இடுப்பை மடித்துப் போட வேண்டும். தீபாவளிக்கும் இதையே போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை குழுவில் முன்வைக்கப்பட்டபோது ஒருவரும் கட்டைவிரல் உயர்த்தவில்லை. தீபாவளிக்கு ஊதா என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.