ஒப்பந்தம் யாருக்கு அலர்ஜி?

கேள்வி: கலவர நாடுகளில் அமைதி வர ஊரெல்லாம் மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, பேச்சால் எந்தச் சண்டை நின்றிருக்கிறது?
- வாசகர், நெய்வேலி டவுன்ஷிப்

பதில்: பேச்சைக் குறை சொல்லாதீர்கள், பேசியதைக் குப்பையில் போட்டவர்களைக் கேளுங்கள். 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் பிராந்திய சபைகளுக்கு ஒப்பந்தம் செய்தபோது இலங்கையில் எந்தத் தமிழ் இயக்கமும் துப்பாக்கி ஏந்தவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் 1958 ஏப்ரலில் பிரதமரே அதைக் கைவிட்டார். அடுத்த மாதமே இனக்கலவரம். 1965இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்காவுடன் செல்வநாயகம் செய்த ஒப்பந்தமும் காகிதத்தோடு நின்றது. 1985இல் பூட்டானின் திம்புவில் அரசும் தமிழ் இயக்கங்களும் கூடியபோது பேச வந்தவர்களுக்குப் பின்னால் ஆயுதம் நின்றது. 2002 போர்நிறுத்தத்தை அரசு, புலிகள் என இரு தரப்பும் பலம் சேர்க்கவே பயன்படுத்தின என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது நம்பிக்கை செத்தபிறகு பேசியதன் விளைவு. தீ பரவியபின் தோண்டிய கிணறு.

சின்ன அளவில் உங்கள் ஊரும் இதற்குச் சாட்சி. 2023 ஜூலை 26இல் வளையமாதேவியில் என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் கால்வாய்க்காக நெற்பயிர் மீது இயந்திரம் இறங்கியது. இரண்டே நாளில் முற்றுகைப் போராட்டம் வன்முறையாகி, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்று நிறுவனம் வாதிட்டது. சட்டம் பத்திரத்தைப் பார்க்கும், விவசாயி பயிரைப் பார்ப்பார். ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு என்பது உயர் நீதிமன்றம் வரை போனபிறகே முடிவானது. அதையே இயந்திரத்துக்கு முன்னால் பேசியிருக்கலாம். சீக்கிரம் பேசுங்கள், பேசியதைச் செய்யுங்கள். மாநாட்டுச் செலவாவது மிஞ்சும்!